மதுரவாயல் குளோவர்லீஃப்: பைபாஸ்ல வண்டி சேருற இடத்தை எப்படிச் சரி பண்ணலாம்?

#1 பைபாஸ்பயணி

மதுரவாயல் சந்திப்பைப் பத்தி எங்க குடியிருப்போர் சங்கம் ஒரு மனு போடப் போகுது. எழுதுற வேலை என் தலையில விழுந்திருக்கு. "ஆவன செய்யுமாறு தாழ்மையுடன்" ரகத்துல எழுதினா அது எந்த மேஜைக்கு அடியில போய்ச் சேரும்னு எல்லாருக்கும் தெரியும். அதனால இங்க கேக்குறேன். என்ன மாத்தணும், எதை முதல்ல மாத்தணும், எது பெரிய செலவில்லாம நடக்கும்?

இடம் தெரியாதவங்களுக்காக: பெருங்களத்தூர்ப் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டுல ஆரம்பிச்சு, போரூர், மதுரவாயல், அம்பத்தூர் வழியா புழல் வரைக்கும் போறது சென்னை பைபாஸ். சுமார் 32 கி.மீ. பூந்தமல்லி நெடுஞ்சாலையை, அதாவது பெங்களூர் ரோட்டை, அது மதுரவாயல்ல வெட்டுது. அங்க இருக்கிறது நாலு லூப் வச்ச முழு குளோவர்லீஃப். வலது பக்கம் போகணும்னா பாலத்தைத் தாண்டிப் போய், இடது பக்கம் பிரிஞ்சு, முக்கால் வட்டம் சுத்தணும். சிக்னல் கிடையாது. படத்துல பாத்தா அவ்வளவு அழகு.

தாம்பரத்துல இருந்து புழல் பக்கம் போற பாதையை மட்டும் எடுத்துக்குங்க. கோயம்பேட்டுல இருந்து வந்து புழல் போறவர் லூப் சுத்தி இடது ஓரமா உள்ள வர்றார். அவர் நுழைஞ்ச கொஞ்ச தூரத்துலயே, தாம்பரத்துல இருந்து வந்து கோயம்பேடு போக வேண்டியவர் அதே இடது ஓரமா வெளிய போறார். உள்ள வர்றவர் 30, 40-ல உருட்டிக்கிட்டு வந்து வலது பக்கம் ஏறணும். வெளிய போறவர் 80-ல வந்து இடது பக்கம் இறங்கணும். ஒரே துண்டு ரோட்டுல ரெண்டு பேரும் குறுக்கும் நெடுக்குமா வெட்டிக்கிறாங்க. நாலு திசையிலயும் இதே கதைதான்.

துறைமுகம்–மதுரவாயல் ஈரடுக்கு மேம்பாலம் முடிஞ்சா அந்த கன்டெய்னர் எல்லாம் இந்தப் பக்கம்தான் வந்து இறங்கும். அதுக்கு முன்னாடியே இதைப் பேசணும்னு தோணுது.

#2 கறார்பேர்வழி

ரோட்டைக் குறை சொல்றதை விடுங்க சார். எட்டு போட்டா லைசென்ஸ் குடுத்துடுறோம். இண்டிகேட்டர் போடத் தெரியாது, கண்ணாடி பாக்கத் தெரியாது, லேன்னா என்னன்னு தெரியாது. ஜெர்மனிக்காரன் ரோட்டைக் கொண்டு வந்து இங்க போட்டாலும் நம்ம ஆளு அதுல எதிர்த்திசையில வருவான்.

என் யோசனை ரெண்டே ரெண்டு. லூப் முடியுற இடத்துல நல்ல உயரமா ஒரு ஸ்பீடு பிரேக்கர். பக்கத்துலயே ஒரு போலீஸ்காரர், கையில ஃபைன் மெஷின். ஒரே மாசத்துல எல்லாம் சரியாயிடும்.

#3 பதினாறுசக்கரம்

வணக்கமுங்க. நாமக்கல் வண்டி, ஓசூர்–மாதவரம் லைன் ஓட்டறேன். மேல ஒருத்தர் ஸ்பீடு பிரேக்கர் போடச் சொல்றாருங்க. அது மட்டும் வேண்டாமுங்க, சாமி.

முழு லோடுல லூப் ஏறும்போது மூணாவது கியரோ நாலாவது கியரோதான். அது முடியற இடத்துல பிரேக்கர் வெச்சா நான் நிக்கறாப்பல வந்து, அங்கிருந்து மறுபடி இழுத்து மெயின் ரோட்டுல ஏறோணும். அந்நேரம் பின்னாடி வர்றவன் 80-லயும் 90-லயும் வர்றான். நான் மெதுவா வர்றதுதானுங்க அவனுக்கே ஆபத்து. இன்னும் மெதுவாக்கிட்டா எங்க போய் முடியும்?

இன்னொன்னும் சொல்லிப்போடறேன். நம்ம ஊர்ல டிரைவர் உக்கார்றது வலது பக்கம். லூப்புல இருந்து வண்டி வந்து சேர்றது இடது பக்கம். லாரிக்கு இடது பக்கம்தான் முழு குருடு. கேபினுக்கு இடது கதவை ஒட்டி ஒரு காரே நின்னாலும் எனக்குத் தெரியாது. முன்னெல்லாம் கிளீனர் பையன் அந்த ஜன்னல்ல தலையை விட்டு "வரட்டும் வரட்டும், ஹோல்டேன்"னு கத்துவான். இப்ப முக்கால்வாசி வண்டியில ஒத்தை ஆளுதானுங்க. கிளீனருக்குச் சம்பளம் குடுத்துக் கட்டுபடியாகறதில்லை.

"லாரிக்காரன் ஏன் வலது லேனை விட மாட்டேங்கறான்"னு எல்லாரும் திட்டறீங்க. இடது லேன்ல போய்ப் பாருங்க. ஒரு பஞ்சர் வண்டி நிக்கும், ஒரு பஸ் ஆளை ஏத்தும், எதிர்த்தாப்பல ஒரு பைக் வரும், அதுக்கப்புறம் லூப்புல இருந்து ஒரு ஆட்டோ மூக்கை நுழைக்கும். 40 டன்னை வெச்சுக்கிட்டு அங்க எப்படிங்க போறது? அதனால வலதுல ஏறிக்கறோம். கார்க்காரர் எங்களை இடது பக்கமா முந்தறார். அவர் முந்தற இடமும் லூப் வந்து சேர்ற இடமும் ஒன்னாப் போயிருது.

#4 ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர்

மூன்றாவது பதிவைப் பொறியியல் மாணவர்கள் படிக்க வேண்டும். ஓட்டுநர் அனுபவத்தில் சொன்னதற்கு நான் கணக்கை மட்டும் சேர்க்கிறேன்.

லூப்பின் ஆரம் 50 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவின் வெளி ஓரத்தை உயர்த்தும் வழக்கமான சரிவும் டயர் உராய்வும் சேர்ந்து அதில் பாதுகாப்பாகப் போகக்கூடிய வேகம் மணிக்கு 40 கி.மீ.க்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும். பிரதான சாலை ஓட்டம் 80 என்றால், சேருகிற வண்டி 40-லிருந்து 80-க்கு ஏற வேண்டும். நொடிக்கு நொடி 1 மீட்டர் என்ற அளவில் வேகம் கூட்டும் ஒரு சாதாரண காருக்கு அதற்கு 185 மீட்டர் தேவை. சுமை ஏற்றிய லாரி அதில் பத்தில் மூன்று பங்கு கூட்டினாலே பெரிது. அதற்கு 600 மீட்டருக்கு மேல் ஆகும். 60 கி.மீ. வேகம் போதும் என்று விட்டாலும் 250 மீட்டர் தாண்டுகிறது.

இரண்டு லூப்புகளுக்கு நடுவில் இவ்வளவு நீளம் குளோவர்லீஃபில் பொதுவாகக் கிடைக்காது. அவ்வளவு தூரம் தள்ளி வைக்க லூப்பின் ஆரத்தைப் பெருக்க வேண்டும், நிலம் பல மடங்கு வேண்டும். 150 மீட்டர் இருக்கிறது என்று கொண்டால், 60 கி.மீ. வேகத்தில் அதைக் கடக்க 9 நொடி. அந்த 9 நொடிக்குள் உள்ளே வருகிறவர் இடைவெளி தேட வேண்டும், வெளியேறுகிறவரும் இடைவெளி தேட வேண்டும், இருவரும் தேடுவது ஒருவர் இருக்கும் இடத்தை மற்றவர். இதைத்தான் வீவிங், அதாவது பின்னல், என்கிறோம். வாகன எண்ணிக்கை குறைவாக இருந்த காலத்தில் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. அமெரிக்காவின் முதல் குளோவர்லீஃப் 1929-இல் நியூஜெர்சியில் உட்பிரிட்ஜ் என்ற ஊரில் வந்தது. பிற்பாடு அவர்களே அதை எடுத்துவிட்டு வேறு வடிவம் கட்டிவிட்டார்கள். பழைய குளோவர்லீஃப்களை உலகம் முழுக்க இப்படித்தான் ஒன்றிரண்டு லூப்பாகக் கழற்றிக்கொண்டு வருகிறார்கள்.

ஸ்பீடு பிரேக்கர் யோசனை தலைகீழானது. சேருமிடத்தில் ஆபத்தை உண்டாக்குவது வேக வித்தியாசம். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் பிரதான சாலையில், அதுவும் சந்திப்புக்கு அரை கிலோமீட்டர் முன்பாகவே, படிப்படியாகக் குறைக்க வேண்டும். லூப்பிலிருந்து வருகிறவர் வேகம் பிடிக்க வேண்டும்.

முழுமையான தீர்வு தனி இணைச்சாலை. பைபாஸில் நேராகப் போகிறவர்களுக்கும் ஏறி இறங்குகிறவர்களுக்கும் நடுவில் ஒரு தடுப்பு. ஏறி இறங்கும் பின்னல் முழுவதும் அந்த இணைச்சாலையில், 40 கி.மீ. வேகத்தில், நடந்துகொள்ளட்டும். பிரதான ஓட்டத்துக்கு ஒரே ஒரு வெளியேறுமிடம், ஒரே ஒரு சேருமிடம். இதற்குப் பாலத்தில் கூடுதல் அகலம் வேண்டும். அங்கேதான் செலவு.

#5 ஸ்கூட்டிராணி

கார், லாரி எல்லாம் பேசியாச்சு. அந்த ரோட்டுல டூவீலரும் போகுதுன்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா?

நான் வானகரத்துல வேலை பாக்குறேன். லூப்புல எனக்குப் பயம் வேகத்தால இல்லை, மணலால. டிப்பர்ல இருந்து எம்-சாண்ட் கொட்டிக்கிட்டே போகும். லூப் வளைவோட வெளி ஓரத்துல அது அடுக்கடுக்காச் சேர்ந்திருக்கும். வண்டியை ஓரமா ஓட்டுன்னு சொல்லுவாங்க, ஓரத்துலதான் மணல். உள் ஓரத்துக்குப் போனா மழைத் தண்ணி தேங்கி நிக்கும், அடியில பள்ளம் இருக்கா இல்லையான்னு தெரியாது. அதனால எல்லா டூவீலரும் லூப்புக்கு நட்ட நடுவுல போவாங்க. பின்னாடி இருந்து பஸ்காரர் ஹாரனை அழுத்திக்கிட்டே வருவார்.

லூப் முடிஞ்சு பைபாஸ்ல ஏறின பிறகு எனக்கு வலது பக்கம் போகவே வேணாம். நான் இடது ஓரமாவே போறேன். ஆனா அந்த இடது ஓரம்தான் அடுத்த லூப்புக்கு இறங்குற வழி! நேராப் போக நினைக்கிற டூவீலர், இடது பக்கம் இறங்குற வண்டிகளுக்குக் குறுக்கதான் போகணும். இதுக்கு உங்க கணக்குல ஏதாவது இடம் இருக்கா சார்?

அப்புறம் அந்த ஆம்னி பஸ். சேருற இடத்துலயே நிறுத்தி டிக்கி திறந்து லக்கேஜ் ஏத்துறாங்க. இரவு ஒன்பது மணிக்கு மேல போய்ப் பாருங்க. நீங்க சொல்ற 185 மீட்டர்ல பாதி தூரத்துக்கு பஸ்தான் நிக்குது.

#6 மினசோட்டாவாசி

ஸ்கூட்டிராணி சொல்றது முக்கியம். பெங்களூர்–மைசூர் நெடுஞ்சாலையில 2023 ஆகஸ்ட் 1-ல இருந்து டூவீலர், ஆட்டோவை பிரதான பாதையில விடறதில்லை. அங்க சர்வீஸ் ரோடு தொடர்ச்சியா இருக்கு, அதனால முடிஞ்சது. சென்னை பைபாஸ்ல சர்வீஸ் ரோட்டை முழுசா இணைக்காம டூவீலருக்குத் தடை போட்டா அது அநியாயம்.

நான் சொல்ல வந்தது வேற. இங்க மினியாபொலிஸ்ல ராம்ப், அதாவது நெடுஞ்சாலைக்கு ஏறுற வழி, முடியுற இடத்துல சின்ன சிக்னல் வச்சிருப்பாங்க. சில நொடிக்கு ஒருமுறை பச்சை விழும், ஒரு வண்டி போகலாம். "இது என்ன தொல்லை, சும்மா நிக்க வைக்கிறாங்க"ன்னு மக்களுக்குக் கோபம். சட்டசபை வரைக்கும் போய், 2000-ம் வருஷக் கடைசியில சுமார் 430 சிக்னலையும் சில வாரத்துக்கு மொத்தமா அணைச்சுப் பாத்தாங்க. விபத்து 26 சதவீதம் ஏறிச்சு. பயண நேரம் 22 சதவீதம் கூடிச்சு. ரோடு தாங்குற வண்டி எண்ணிக்கை 9 சதவீதம் குறைஞ்சது. மறுபடியும் சிக்னலைப் போட்டுட்டாங்க. ஆனா காத்திருக்கிற நேரத்துக்கு ஒரு வரம்பு வச்சாங்க.

கூட்டமா வந்து மோதுறதைத் தனித்தனியா பிரிச்சு விட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துடும்.

#7 கறார்பேர்வழி

ஹஹ்ஹா. சில நொடிக்கு ஒரு வண்டியா? மதுரவாயல்லயா? சிவப்பு விழுந்தா முன்னாடி நிக்கிறவனை ஹாரன் அடிச்சே உள்ள தள்ளிவிட்டுடுவாங்க. அதையும் மீறி நின்னா, லூப் நிரம்பி, வரிசை பூந்தமல்லி ரோட்டுல போய் நிக்கும்.

ஆனா லாரி அண்ணன் சொன்னதுக்கு அப்புறம் ஸ்பீடு பிரேக்கரை வாபஸ் வாங்கிக்கிறேன். ஃபைன் மெஷினை வாங்க மாட்டேன்.

#8 ரைன்கரை

ஜெர்மனி பேரை இழுத்ததால வர்றேன். இங்க வந்த புதுசுல என்னைக் குழப்பினது ஒன்னு. ரெண்டு லேன் ஒன்னா குறுகுற இடத்துல மாத்தி மாத்தி ஒவ்வொரு வண்டியா போகணும்னு இங்க சட்டமே இருக்கு. கடைசி வரைக்கும் போய்த்தான் மாறணும். அதைப் பாத்துட்டு நம்ம ஆளுங்க ஆட்டோபான்ல ஏறும்போதும் அதே உரிமை இருக்குன்னு நினைச்சுக்கிறாங்க. கிடையாது. ஏறுற இடத்துல, ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருக்கிறவருக்குத்தான் முன்னுரிமை. மெயின்ல போறவர் இடம் விட்டா மரியாதை, விடலைன்னா தப்பில்லை. நம்ம சட்டப்படியும் பிரதான சாலையில போறவருக்கே முன்னுரிமை.

ஆனா அந்தச் சட்டம் வேலை செய்யறதுக்கு ஒரே காரணம் ஏறுறவருக்கு நீளமான தனி லேன் கொடுத்திருக்காங்க. வேகம் பிடிச்சு, பக்கத்துல சமமா ஓடி, இடம் பாத்து நுழையலாம். லேன் குட்டையா இருந்தா, கண்ணாடியைப் பாக்கவே நேரம் இருக்காது, யாரா இருந்தாலும் மூக்கை நுழைக்கத்தான் செய்வாங்க. ஒழுக்கம் பாதி ரோட்டுல இருந்து வருது கறார் சார்.

#9 மட்டுறுத்துநர்

ஈரடுக்குப் பாலத்தை யார் நிறுத்தினது, யார் திரும்ப ஆரம்பிச்சதுங்கிற கட்சிச் சண்டைப் பதிவுகளைத் தனி இழைக்கு நகர்த்தியாச்சு. இங்க மதுரவாயல் சந்திப்பு மட்டும்.

#10 கொழும்புவண்டி

நான் கொழும்பில இருக்கிறன். எங்கட தெற்கு அதிவேகப் பாதை 2011 இல திறந்தது, இலங்கையின்ர முதல் அதிவேகப் பாதை அது. மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் உள்ள வர ஏலாது. ஏறுற இறங்குற இடங்கள் பெரும்பாலும் ரோல் கேட்டோட (சுங்கச்சாவடி) சேர்ந்த, ஒரு லூப் மட்டும் இருக்கிற ட்ரம்பெட் வடிவம். லூப்புக்குப் பின்னால உடனே இன்னொரு லூப் வராது, அதால நீங்கள் சொல்லுற பின்னல் எங்களுக்குப் பெரிசா இல்லை. ஒப்பிடுறது நியாயமில்லை எண்டு எனக்கே விளங்குது.

ஆனா ஒரு விஷயம் அங்கயும் இருந்தது. ஆரம்பத்தில ஆக்கள் ஏறுற லேன்ர முடிவு வரைக்கும் போய், அங்க நிப்பாட்டி, தலையைத் திருப்பிப் பாத்துக்கொண்டு நிப்பினம். நிண்ட வாகனம் நூறில ஓடுற பாதைக்குள்ள எப்பிடி ஏறும்? பழக்கம் வர நேரம் எடுத்தது. உங்கட மனுவில ஓட்டுநருக்குச் சொல்லிக் குடுக்கிறதையும் ஒரு வரி சேருங்கோ. "இங்க வேகம் எடுங்கோ" எண்டு ஒரு பலகை வைக்கலாம் தானே. "மெதுவாகச் செல்" எண்ட பலகைதான் எல்லா இடத்திலயும் இருக்குது.

#11 பைபாஸ்பயணி

எல்லாருக்கும் நன்றி. பொறியாளர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. தனி இணைச்சாலைக்குப் பாலத்தை அகலப்படுத்தணும், சரி. அது நடக்கிறப்ப நடக்கட்டும். இப்ப இருக்கிற அகலத்துக்குள்ளயே ஒன்னு பண்ண முடியாதா?

பைபாஸ் ஆறு வழி. ஒரு திசைக்கு மூணு லேன். தாம்பரத்துல இருந்து வரும்போது சந்திப்புக்கு முன்னாடி முதல்ல வர்றது பூந்தமல்லிக்குப் பிரியுற இடது வழி. அந்த இடது லேனை "பூந்தமல்லி மட்டும்"னு அங்கயே பிரிச்சு அனுப்பிட்டா, சந்திப்புக்குள்ள நேராப் போறவங்களுக்கு ரெண்டு லேன். காலியாகிற இடது லேனை லூப்புல இருந்து வர்றவங்களுக்கே சொந்தமாக் கொடுத்துடலாம். அவங்க யார்கிட்டயும் இடம் கேக்க வேணாம், நேரா தன் லேன்ல ஓடலாம். நடுவுல வெள்ளைக் கோடும் பிளாஸ்டிக் கம்பமும் போட்டாப் போதும்ல?

#12 ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர்

நல்ல யோசனை. ஒரு லேன் இங்கே வெளியேறி முடிகிறது, இன்னொன்று அங்கே புதிதாகப் பிறக்கிறது. சேருவது என்ற செயலே இல்லாமல் போகிறது. புதிய சந்திப்புகளை வடிவமைக்கும்போது இதைத்தான் முதலில் பார்ப்பேன். ஆனால் இரண்டு எச்சரிக்கை.

முதலாவது, தாம்பரத்திலிருந்து வந்து கோயம்பேடு லூப்பில் இறங்க வேண்டியவர். அவர் இடது லேனைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். நீங்கள் இரண்டு லூப்புக்கும் நடுவில் கம்பம் நட்டுவிட்டால் அவருக்கு வழியில்லை. எனவே கம்பங்கள் லூப் வந்து சேரும் இடத்தில் ஒரு துண்டு மட்டும் இருக்க வேண்டும். அதாவது, உள்ளே வருகிறவர் நுழைந்த கணத்திலேயே வலது பக்கம் பாயாமல், சிறிது தூரம் நேராக ஓடி வேகம் பிடித்த பிறகே மாறும்படி. பின்னல் அப்போதும் இருக்கும், ஆனால் வேக வித்தியாசம் குறையும். இறங்குமிடத்துக்கு முந்தைய நீளத்தைத் திறந்து வைக்க வேண்டும். இடைவெளி குறைவாக இருந்தால் இந்தக் கம்பத் துண்டே பின்னல் நீளத்தைத் தின்றுவிடும். அளந்த பிறகே முடிவு செய்ய வேண்டும். கூகுள் படத்தில் அளந்தாலும் போதும், முதல் கட்டத்துக்கு.

இரண்டாவது, நேராகப் போகிறவர்களுக்கு இரண்டு லேன் போதுமா என்பது. லாரிகள் வலது லேனிலேயே ஓடுகின்றன என்பதை மூன்றாம் பதிவு சொல்லிவிட்டது. இரண்டு லேனில் ஒன்றை லாரி பிடித்துக்கொண்டால் மற்றது காருக்கு. காலை நேரத்தில் வரிசை பின்னோக்கி வளரும். வளர்ந்த வரிசையின் வால் எங்கே நிற்கிறது என்பது முக்கியம். வேகமாக வருகிறவர் அந்த வாலில் மோதினால், பக்கவாட்டில் உரசிய விபத்தைத் தீர்த்துவிட்டு பின்னால் மோதும் விபத்தை வாங்கியதாகும். முன்கூட்டியே தலைக்கு மேல் பலகை, வேகக் குறைப்பு, தரையில் அம்புக்குறியோடு ஊர்ப்பெயர். இவை கம்பத்துக்கு முன்பே வந்துவிட வேண்டும். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 92 என்ற நகர்ப்புற இன்டர்சேஞ்ச் வழிகாட்டி 2017-இல் திருத்தி வெளியிடப்பட்டது. உங்கள் மனுவில் அதன் பெயரைச் சொல்லுங்கள். படிக்கிறவருக்கு நீங்கள் விஷயம் தெரிந்து எழுதுகிறீர்கள் என்று புரியும்.

டூவீலர் பற்றிக் கேட்ட சகோதரிக்கு: நேராகப் போகும் டூவீலர் பிரதான பாதையில் இடது ஓரமாகப் போவதற்கு எந்த நல்ல வடிவமைப்பும் இல்லை. நேர்மையான பதில் சர்வீஸ் ரோடுதான். சந்திப்பின் அடியில் சர்வீஸ் ரோடு எங்கே அறுபடுகிறது என்று எழுதுங்கள். அதை இணைக்கச் சொல்லிக் கேளுங்கள். அது வரும் வரை, லூப்பின் பிரியுமிடத்துக்கு முன்பு சிவப்பு வண்ணப் பட்டை அடித்து டூவீலர் போக்கைக் காட்டலாம். அதற்கு மேல் நான் வாக்களிக்க மாட்டேன்.

#13 கறார்பேர்வழி

ஐயா, ஒரு சந்தேகம். இதெல்லாம் கேட்டா "அது பிளாக் ஸ்பாட் லிஸ்ட்ல இல்லையே"ன்னு பதில் வருமே?

#14 ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர்

வரும். மத்திய அமைச்சகத்தின் வரையறைப்படி, சுமார் 500 மீட்டர் நீளத்தில் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்து 5, அல்லது உயிரிழப்பு 10 இருந்தால்தான் அது பிளாக் ஸ்பாட். பின்னல் நடக்கும் இடங்களில் பெரும்பாலானவை பக்கவாட்டு உரசல்கள். கண்ணாடி உடையும், கதவு நசுங்கும், இருவரும் இறங்கிச் சண்டை போடுவார்கள், ஐநூறோ ஆயிரமோ கைமாறும், போய்விடுவார்கள். எந்த ஏட்டிலும் ஏறாது. உரசியது டூவீலராக இருந்தால் மட்டும் ஏறும்.

2022-இல் நாட்டிலேயே அதிகச் சாலை விபத்து பதிவானது தமிழ்நாட்டில்தான், 64,105. இறந்தவர்கள் 17,884. இவை பதிவானவை. பதிவாகாத உரசல்தான் அடுத்த மரணம் எங்கே என்று முன்கூட்டிச் சொல்லும்.

அதனால் ஆள் சாகும் வரை காத்திருக்காமல் எண்ணக்கூடிய ஒன்று இருக்கிறது. திடீர் பிரேக், திடீர் விலகல், சாலை இரண்டாகப் பிரியும் மூக்குப் பகுதியின் சாய்கோட்டை மிதித்துக் கடைசி நொடியில் இறங்குவது, சேருமிடத்தில் முழுதாக நின்றுவிடுவது. சுவீடன்காரர்கள் இப்படி எண்ணுவதை ஒரு முறையாகவே வளர்த்திருக்கிறார்கள். நெரிசல் நேரத்தில் ஒரு மணி நேர வீடியோ எடுத்து, இந்த நான்கையும் எண்ணி, மனுவோடு இணையுங்கள். சாலைப் பாதுகாப்புத் தணிக்கை கோருகிறோம் என்று ஒரு வரி சேருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சாலைக்கும் தணிக்கை உண்டு.

#15 பதினாறுசக்கரம்

பொறியாளர் ஐயா சொன்ன கம்பம் நல்லதுதானுங்க. ஆனா பிளாஸ்டிக் கம்பம் நம்ம ரோட்டுல ஒரு மாசம் தாங்குமான்னு பாத்துக்கோங்க. ஒவ்வொரு டிரெய்லர் வாலும் ஒன்னு ரெண்டைச் சாய்ச்சுட்டுத்தான் போகும். சாய்ஞ்சதை நட ஆள் இல்லைன்னா, பாதி நின்னு பாதி கிடக்கற கம்பம் ராத்திரியில இன்னும் மோசம். அதுக்குப் பராமரிப்பு யார் பொறுப்புன்னு மனுவுலயே எழுதிப்போடுங்க.

அந்த மூக்குப் பகுதியில, ரோடு ரெண்டாப் பிரியற இடத்துல, கான்கிரீட் கட்டை மொட்டையா நிக்கற இடம் நிறையப் பாத்திருக்கேன். கடைசி நொடியில மனசு மாத்தறவன் நேரா அதுலதான் போய்ச் சொருகுவான். அங்க டயராவது அடுக்கி வெக்கலாம். மோதினா அமுங்கற மாதிரி ஒன்னு விக்கறாங்கல்ல, அதே வெச்சா இன்னும் நல்லதுங்க.

பலகை தமிழ்ல பெருசா இருக்கட்டும். வடநாட்டு டிரைவர்களுக்கு இந்தியிலோ இங்கிலீஷிலோ சின்னதா இருந்தாலும் பரவாயில்லை, ஆனா அம்புக்குறி பெருசா இருக்கோணும். ஊர் பேர் படிக்கத் தெரியாதவனும் அம்பைப் பாத்துத் திரும்பிப்போடுவான். பலகை ஒரு கிலோமீட்டருக்கு முன்னாடியே ஒன்னு, அரைக் கிலோமீட்டர்ல ஒன்னு. பாலத்துக்கிட்ட வந்து வெக்கற பலகை எனக்கு எதுக்குங்க? அதைப் பாத்துட்டு நான் எப்படி லேன் மாத்தறது?

#16 ஸ்கூட்டிராணி

ஆம்னி பஸ் விஷயம் விட்டுப்போச்சு. கோடு போட்டு, கம்பம் நட்டு, அந்த லேன்லயே பஸ் நிறுத்துனா எல்லாம் வீண். "பஸ் நிறுத்தக் கூடாது"ன்னு பலகை வச்சா நிறுத்தாம இருக்க மாட்டாங்க, ஏன்னா அங்க நிக்கிற பயணிக்கு வேற இடம் கிடையாது. அவங்களுக்கும் பாவம், பெட்டியோட இருட்டுல நிக்கிறாங்க. கீழ சர்வீஸ் ரோட்டுல வெளிச்சத்தோட ஒரு நிறுத்தம், மேல இருந்து பஸ் இறங்கி மறுபடி ஏற ஒரு வழி. அதைக் கேளுங்க. பயணி கீழ போனா பஸ்ஸும் தானா கீழ போகும்.

லூப் மணலைக் கூட்டுறதையும் சேருங்க. அதுக்கு எந்த வழிகாட்டி நூலும் வேணாம், வாரம் ரெண்டு தடவை கூட்டுற வண்டி வந்தாப் போதும்.

#17 பைபாஸ்பயணி

இதுவரைக்கும் எழுதி வச்சது:

உடனே கேக்குறது: லூப்புல மணல் கூட்டுறது, தண்ணி தேங்குற இடத்துல வடிகால், மங்கிப்போன கோடுகளை மறுபடி போடுறது, 1 கி.மீ.யும் 500 மீட்டரும் முன்னாடி தலைக்கு மேல பலகை, மூக்குப் பகுதியில அமுங்குற தடுப்பு, பஸ் நிறுத்தத்தைக் கீழ கொண்டுபோறது. அளந்து பாத்துட்டுக் கேக்குறது: இடது லேனைப் பிரிச்சு விடுறது, கம்பம், அதோட பராமரிப்புப் பொறுப்பு. பெரிசாக் கேக்குறது: சர்வீஸ் ரோட்டை அறுபடாம இணைக்கிறது, தனி இணைச்சாலை. ஈரடுக்குப் பாலத்தோட இறங்குவழியைத் திட்டமிடும்போதே அதையும் சேர்த்துப் பாக்கணும்னு ஒரு வரி.

மினசோட்டா நண்பரோட சிக்னலை இப்போதைக்கு விட்டுட்டேன். லூப்புல வரிசை நிக்க இடமில்லைங்கிறது கறார் சார் சொன்னபடி உண்மைதான்.

வர்ற வாரம் வீடியோ எடுக்கப் போறோம். எங்க நின்னு எடுக்கணும், எந்த நேரம்?

#18 ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர்

பாலத்தின் மேல் நின்று எடுக்காதீர்கள். நீங்கள் நிற்பதைப் பார்த்து வண்டிகள் மெதுவாகும், எண்ணிக்கை பொய்யாகிவிடும், உங்களுக்கும் ஆபத்து. பக்கத்தில் உயரமான கட்டடத்தின் மொட்டை மாடியில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். லூப் சேருமிடமும் அடுத்த லூப் பிரியுமிடமும் ஒரே காட்சியில் தெரிய வேண்டும். நான்கு திசையையும் ஒரே நாளில் முயலாமல், தாம்பரம்–புழல் திசையை மட்டும் முதலில் எடுங்கள். காலை 8:30 முதல் 9:30, இரவு 9 முதல் 10. இரவுப் பதிவு ஆம்னி பஸ்ஸுக்காக. லாரியையும் டூவீலரையும் தனித்தனியாக எண்ணுங்கள், மொத்தமாக எண்ணினால் பயனில்லை.

#19 பதினாறுசக்கரம்

ராத்திரி வீடியோ எடுக்கறதுன்னா 11-க்கு மேலயும் ஒருக்கா எடுங்க. பகல்ல சிட்டிக்குள்ள விடாத கனரக வண்டியெல்லாம் அப்பத்தான் வரும். அன்னிக்கு நான் லைன்ல இருந்தா ஹசார்டு லைட் போட்டுக் காட்டறேனுங்க.

#20 கறார்பேர்வழி

ஹசார்டு போட்டுக்கிட்டே சேருமிடத்துல வருவீங்களா? அதையும் "திடீர்" கணக்குல எண்ணச் சொல்லணும் போல இருக்கே. எண்ணுற வேலைக்கு நானும் வர்றேன். நேரம் மட்டும் சொல்லுங்க.